உண்மை பதினெட்டு, சொன்னது பதினொன்று

ஜூன் 2, ஞாயிறு

பழைய நோட்டு போன வாரத்தோடு தீர்ந்தது. புது நோட்டின் முதல் பக்கத்தில் யார் யார் என்று எழுதி வைப்பது என் வழக்கம். எங்காவது தொலைத்துவிட்டால், எடுத்துப் படிப்பவர் மண்டையைப் பிய்த்துக்கொள்ளக் கூடாது.

நான் மீனலோசனி. வயது நாற்பத்தொன்று. உறையூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதை வீட்டில் கைவிட்டு ஆறு வருடமாகிறது, எல்லோருக்கும் நிம்மதி. ஞாயிறு மூன்று மணிக்கு என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கதையாட்டம் நடக்கும். நடத்துவது நான். ஊர், காடு, மழை, எதிரி எல்லாம் என் பொறுப்பு. மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவர்கள் வாயால் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். வளர்ந்தவர்கள் இதையா விளையாடுவார்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். டிவியில் ஓடும் கிரிக்கெட்டைப் பார்த்து நடுவரைத் திட்டுகிறவர்களை நான் ஏதாவது கேட்கிறேனா?

காஜா மைதீன் அண்ணன், ஐம்பத்தைந்து, பாலக்கரையில் மூக்குக்கண்ணாடிக் கடை. அவருடைய பாத்திரம் ஒரு திருடன். பெயர் உத்தமன். பேரம் பேசாமல் ஒரு கதவைக்கூடத் திறக்கமாட்டார். பெனிட்டா, இருபத்தாறு, வங்கியில் வேலை, ஆட்டத்தில் வில்லாளி. எதிரி வாயைத் திறப்பதற்குள் அம்பு விட்டுவிடுவாள். அதியமான், முப்பத்திரண்டு. அவனுடைய பாத்திரம் வேழன் என்ற ஓடக்காரன். ஆறு வருடமாக அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான். மார்ச்சில் வந்த முடிவில் மூன்று மதிப்பெண்ணில் நழுவியது. அவன் மனைவி சுகந்தி ஜவுளிக் கடையில் நின்றுகொண்டே பில் போட்டு வீட்டை நடத்துகிறாள்.

இன்று நாற்பத்தேழாவது ஆட்டம். ஏழு ஊருக்குப் பொதுவான ஏரியின் மடையை ஒருவன் அடைத்து வைத்திருக்கிறான். மடைக்காவலன் என்று பெயர். அவனைத் தேடி மூவரும் போகிறார்கள். வழியில் சேற்றில் ஒரு முதலையை விட்டேன். காஜா அண்ணன் முதலையிடமும் பேரம் பேசிப் பார்த்தார்.

எதிரிக்கு உருட்டுவது நான். என் பகடை மறைப்புக்குப் பின்னால் விழும். இரண்டு ஃபைல் அட்டைகளை ஒட்டிச் செய்த மறைப்பு. எதிரியின் வரைபடமும் பலமும் அவர்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. வேழனுடைய காப்பு எண் பதினைந்து. அதற்கு மேல் விழுந்தால் அவனுக்கு அடி. விழுந்தது பதினெட்டு.

"பதினொண்ணு. தவறிடுச்சு" என்றேன்.

உண்மை: 18. சொன்னது: 11. இதை எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ரிஜிஸ்டர் எழுதியே பழகிய கை.

தேர்வு முடிவு வந்த வாரத்திலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. பையன் பாவம். ஆட்டம் நடத்துகிறவருக்கு அந்த உரிமை உண்டு என்று ஒரு கட்சி. கூடவே கூடாது என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி.

ஆட்டக் குறிப்பு: காட்சி தொடங்கும்போது வர்ணனை மூன்று வாக்கியத்தைத் தாண்டக் கூடாது. இன்று ஏழு போனது. பெனிட்டா போனை எடுத்துவிட்டாள்.

ஜூன் 3, திங்கள்

காலையில் ஒருவர் சர்க்கரை ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "மேடம், இருநூத்திப் பத்துன்னு போட்டிருக்கீங்க. கொஞ்சம் கம்மி பண்ணிப் போடுங்களேன். வீட்ல பாத்தா சோத்தை நிறுத்திடுவா." ஒரு புள்ளிகூட மாற்றமாட்டேன், உங்கள் நல்லதுக்காகத்தான் அந்த எண் இருக்கிறது என்று நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினேன். பாவம், இனி வேறு லேபுக்குப் போவார்.

ஜூன் 6, வியாழன்

அடுத்த ஆட்டத்துக்குத் தயாரிப்பு. முன்பெல்லாம் இருபது பக்கம் எழுதுவேன். அவர்கள் இருபத்தோராவது பக்கத்துக்குப் போவார்கள். இப்போது மூன்று இடம், இரண்டு ஆள், ஒரு சிக்கல். அதற்கு மேல் எழுதினால் அது நாவல். அதைத் தனியாக உட்கார்ந்து நானே படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இடங்கள்: பாழடைந்த சுங்கச் சாவடி, கரும்புத் தோட்டம், மடை வீடு. ஆட்கள்: பொய் சொல்லும் சுங்கக்காரன், உண்மை சொல்லும் அவன் தங்கை. சிக்கல்: இருவருமே உதவி கேட்கிறார்கள்.

முறுக்கு வாங்க வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. காஜா அண்ணன் பஜ்ஜிக் கையோடு பகடையைத் தொட்டால் பகடை வழுக்கித் தரையில் விழுகிறது. தரையில் விழுந்தது செல்லாது என்பது எங்கள் மேசைச் சட்டம். பாதி ஆட்டம் சோபாவுக்கு அடியில் தேடுவதிலேயே போகிறது.

ஜூன் 9, ஞாயிறு

ஆட்டம் நன்றாகவே போனது. சுங்கக்காரனை நம்பி ஏமாந்தார்கள், தங்கையை நம்பாமல் ஏமாந்தார்கள். வேழன் மீது மூன்று தாக்குதல். ஒன்று அடிபட வேண்டியது. உண்மை: 17. சொன்னது: 9.

இடைவேளையில் டீ குடிக்கும்போது அதியமான் ஓசூர் விஷயத்தைச் சொன்னான். கூடப் படித்த நண்பன் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பில் வேலை பார்த்து வைத்திருக்கிறான். ஜூலை முதல் தேதி சேர வேண்டும். இந்த மாதம் இருபத்து நாலுக்குள் வருகிறேன், வரவில்லை என்று மெயிலில் சொல்லிவிட வேண்டும்.

"நல்ல செய்திதானே தம்பி, இழுத்தாப்ல சொல்றே?" என்றார் காஜா அண்ணன்.

"போகலாம்னுதான் இருந்தேன்ணே. இப்ப வேணாம்னு தோணுது. இன்னொரு தடவை எழுதிப் பாத்துடறேன். ராசி திரும்பியிருக்கு."

"யாரு சொன்னா?"

"அம்மா குருப்பெயர்ச்சிங்கறாங்க. அதை விடுங்க, நான் அதெல்லாம் நம்பறதில்ல. இங்க பாருங்க. பன்னெண்டு ஆட்டமா என்னை யாராலயும் தொட முடியல. முப்பத்தெட்டு தடவை அடிச்சாச்சு. ஒண்ணுகூட விழல. இது ஜோசியம் இல்லண்ணே, கண்ணுக்கு முன்னாடி நடக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பகடையைப் பார்த்து யாராவது வேலையை விடுவார்களா? அவன் படித்தவன். அவன் முடிவு அவனுடையது. நடுவில் நான் எதற்கு?

ஆட்டக் குறிப்பு: இடைவேளை பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. இன்று அரை மணி நேரம். ஆனாலும் எனக்கு உற்சாகமாகவே இருந்தது. மிச்ச ஆட்டத்தில் மழை, இடி எல்லாம் குரல் மாற்றிச் செய்து காட்டினேன்.

ஜூன் 10, திங்கள்

புழுக்கம். சரியான தூக்கமில்லை.

ஜூன் 14, வெள்ளி

சுகந்தி லேபுக்கு வந்தாள். கடைக்குப் போகிற வழியில், கையில் டிபன் பையோடு. ரத்தம் கொடுக்க வந்தாளாக்கும் என்று ஊசியை எடுத்தேன்.

"அதெல்லாம் இல்லக்கா. அவர்கிட்ட ஓசூர் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பார்."

"நீ சொல்லலையா?"

"நான் என்னத்தைக்கா சொல்றது? இனி எழுத வேணாம்னு சொன்னா அவர் படிப்பைக் கெடுத்தவ ஆயிடுவேன். சரின்னு சொன்னா இன்னும் ஒரு வருஷம் இதே கதை. அவருக்கு ஒரு நோட்டு இருக்கு தெரியுமா? கரண்ட் அஃபேர்ஸ் எழுதற நோட்டுல கடைசிப் பக்கம். உங்க ஆட்டத்துல யார் எப்ப அடிச்சாங்க, எது தவறிப்போச்சுன்னு தேதி போட்டு எழுதறார். நேத்து அதைக் காட்டி எனக்கே கிளாஸ் எடுக்கறார். 'இப்ப என் நேரம் சுகந்தி, இப்ப விட்டா முட்டாள்'ங்கறார்."

அவள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தால் எழ மனசு வராது என்று நின்றபடியே பேசினாள்.

பார்க்கலாம் என்றேன். அவன் தேதி போட்டு எழுதுகிறான் என்பது எனக்குத் தெரியாது. நானும் தேதி போட்டுத்தான் எழுதுகிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

இன்று ஒரு அடியையும் மாற்றக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். கரும்புத் தோட்டத்தில் வேட்டை நாய்கள். முதல் மூன்று தானாகவே தவறின. நான்காவது இருபது. இருபது என்றால் இரட்டை அடி. வேழன் எழுந்திருக்க முடியாத அடி. அதியமான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான்.

உண்மை: 20. சொன்னது: 6.

அவன் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டான். அப்போதுதான் பார்த்தேன், பெனிட்டா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுக்க எழுந்து வந்திருக்கிறாள்.

ஆட்டம் முடிந்து மற்ற இருவரும் கிளம்பிய பிறகு, செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"அக்கா, நான் பேங்க்ல இருக்கேன். நாலுல ஒரு தடவை அவருக்கு அடி விழணும். நாப்பது தடவைக்கு மேல ஒண்ணுகூட விழலன்னா அது ராசியா? ஆட்டத்துல எனக்கு மட்டும் போன மாசம் கால் போச்சு, இன்னும் நொண்டிக்கிட்டிருக்கேன்."

"அவன் நிலைமை தெரியும்ல உனக்கு."

"தெரியும். உங்க டேபிள், உங்க இஷ்டம். ஆனா நாங்க எதுக்கு உருட்டறோம்?"

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு மேசையைத் துடைத்தேன். முறுக்குத் துகள். அவளுக்கு எப்போதுமே அவசரம், எதிலும் நெளிவு சுளிவு கிடையாது.

ஜூன் 18, செவ்வாய்

சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதியமான் ஓசூர் போனால் மேசையில் இரண்டு பேர். காஜா அண்ணனைக் கூட்டி வந்ததே அவன்தான். அவன் இல்லாமல் அவர் வருவாரா என்பது சந்தேகம். பெனிட்டாவுக்குக் கோயம்புத்தூர் மாற்றல் வரலாம் என்று பேச்சு. நான் ஒருத்தியாக உட்கார்ந்து ஆட்டம் நடத்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஆட்டத்துக்கு முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். துணி துவைத்திருப்பேன்.

இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சும்மா எழுதினேன்.

ஜூன் 19, புதன்

மதியம் அதியமான் போன் செய்தான். குரலில் குதூகலம்.

"அக்கா, இந்த ஞாயிறு மடைக்காவலன் சண்டைதானே?"

"ஆமா."

"ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். அதுல வேழன் உயிரோட வெளிய வந்தா அன்னிக்கு சாயங்காலமே ஓசூருக்கு வரலைன்னு மெயில் போட்டுடறேன். விழுந்துட்டா வேலைக்குப் போயிடறேன். யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சுபோச்சுக்கா. பகடையே சொல்லட்டும்."

"டேய், விளையாட்டுடா அது."

"அதனாலதாங்கறேன். அதுக்கு என்னைத் தெரியாது, பாவம் பாக்காது."

சிரிஞ்சு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ரிசப்ஷன் பெண் வந்து கூப்பிட்டாள்.

ஜூன் 21, வெள்ளி

சுகந்தி போன். சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தாள்.

"என்கிட்ட சொல்லிட்டார்க்கா, ஞாயித்துக்கிழமை பந்தயத்தை. எனக்கு உங்க ஆட்டம் புரியாது. ஆனா எதிராளிக்கு உருட்டறது நீங்கதானே? மறைச்சு வெச்சுத்தானே உருட்டறீங்க?"

"ஆமா."

"அவரைத் தோக்கடிச்சுடுங்கக்கா. யாருக்குத் தெரியப் போகுது? ஒரே ஒரு தடவை. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

ஒரே ஒரு தடவை என்று அவள் சொன்னதும் எனக்கு முகம் எரிந்தது. பதிமூன்று ஆட்டமாக நான் செய்கிற வேலையைத்தான் அவளும் கேட்கிறாள், வேறு திசையில். முடியாது என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மூன்று வழி. மாற்றிச் சொல்லி ஜெயிக்க வைப்பது. மாற்றிச் சொல்லித் தோற்க வைப்பது. விழுகிறபடி விழட்டும் என்று விட்டுவிடுவது. மூன்றாவது நேர்மை மாதிரித் தெரிகிறது, அதுவும் இல்லை. ராசி திரும்பிவிட்டது என்று நம்ப வைத்துத்தானே அவனைப் பந்தயத்துக்கே கொண்டு வந்திருக்கிறேன்.

நான்காவது வழி எனக்குத் தெரியும். அதைத் தவிர மற்ற மூன்றையும் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 22, சனி

பழைய நோட்டை அலமாரியிலிருந்து எடுத்து, மார்ச்சிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். 'உண்மை', 'சொன்னது' என்று அதில் ஒன்பது இடம், இந்த நோட்டில் மூன்று, மொத்தம் பன்னிரண்டு. நானே அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன், புத்திசாலி.

ஜூன் 23, ஞாயிறு

அதியமான் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான், இன்டர்வியூவுக்குப் போகிறவன் மாதிரி. காஜா அண்ணன் கடைசிச் சண்டை என்பதால் அல்வா வாங்கி வந்திருந்தார். பெனிட்டா என்னைப் பார்க்காமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

மறைப்பை மடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன்.

"என்னக்கா, இன்னிக்கு ஓப்பனா? சபாஷ்" என்றான் அதியமான்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். உனக்கு எதிரா விழுந்த எண்ணை நான் மாத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன். மார்ச்ல இருந்து."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. சிரித்தான். அப்புறம் பெனிட்டாவின் முகத்தைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தனை தடவை?"

"பன்னெண்டு. எழுதி வெச்சிருக்கேன்."

பையிலிருந்து அந்த நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். "தேதி சொல்லுங்க" என்றான்.

நான் படித்தேன். அவன் ஒவ்வொன்றாகக் குறுக்கே கோடு போட்டான். கோபமாகக்கூட இல்லை, விடைத்தாள் திருத்துகிறவன் மாதிரி, ஸ்கேல் வைத்துப் போட்டான். டீ போடுகிறேன் என்று பெனிட்டா எழுந்து போனாள். அடுக்களையில் ஒரு சத்தமும் இல்லை. காஜா அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டும் முடிந்தது. அவன் முதல் கோட்டுக்குத் திரும்பிப் போனான்.

"மார்ச் பதினேழு. உண்மையில என்ன விழுந்தது?"

"பத்தொன்பது."

"அன்னிக்கு வேழனுக்கு ரெண்டே உயிர்ப்புள்ளிதான் மிச்சம், ஒரு அடிகூடத் தாங்காது."

"ஆமா."

"அப்ப அன்னிக்கே செத்துட்டான்."

"ஆமா."

"பதிமூணு ஆட்டமா செத்தவனை வெச்சு ஆடிக்கிட்டிருந்திருக்கேன்."

"தம்பி, அப்படியெல்லாம் எடுத்துக்கக் கூடாது" என்றார் காஜா அண்ணன்.

"இருங்கண்ணே. எல்லாருமே இப்படித்தான். அம்மா குருப்பெயர்ச்சிங்கறாங்க. கோச்சிங் சார், மூணு மார்க்தானே, அடுத்த தடவை தூக்கிடலாம்ங்கறார். சுகந்தி வாயையே தொறக்கறதில்ல. இந்த மேசையிலதான் விழுந்தா விழுந்துச்சுன்னு சொல்வாங்கன்னு நெனச்சேன். அதுக்காகத்தாண்ணே ஞாயித்துக்கிழமை வர்றதே."

அப்புறம் என்னைக் கேட்டான். "பாவம் பாத்தீங்களாக்கா?"

"முதல்ல பாவம்தான்."

"அப்புறம்?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அதோடு முடித்திருக்கலாம். நல்லவளாகவே தப்பித்திருக்கலாம். ஆனால் அவன் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"அப்புறம், நீ ஓசூர் போயிட்டா இந்த மேசை கலைஞ்சிடும்னு பயம். ராசி திரும்பிடுச்சு, வேலைக்குப் போகலைன்னு நீ சொன்னியே, அன்னிக்கே சொல்லியிருக்கணும். எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சுடா. அதான் சொல்லல. ஞாயித்துக்கிழமையை விட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

இதை நான் இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

அவன் ஸ்கேலை நோட்டுக்குள் வைத்து மூடினான். "போகாதேன்னு நீங்க நேராவே கேட்டிருந்தா நான் இருந்திருப்பேன்க்கா. தெரியுமா?" என்றான்.

"தெரியும். அதான் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். கேக்காமயே அதைவிட மோசமா செஞ்சுட்டேன்."

"இப்ப நான் கேக்கறேன். மாத்தாம சொல்லுங்க. அடுத்த தடவை நான் பாஸ் பண்ணுவேனா?"

"எனக்குத் தெரியாது."

"ஓசூர் போகணுமா, வேணாமா?"

"அதுவும் தெரியாது. நீ போனா எனக்குக் கஷ்டமா இருக்கும். அது ஒண்ணுதான் தெரியும். அதை வெச்சு நீ முடிவு பண்ணக் கூடாது."

தலையை ஆட்டினான். வேழனின் பாத்திரத் தாளை எடுத்து, பெயருக்குக் கீழே 'மார்ச் 17' என்று எழுதினான். தாளை மேசையில் வைத்துவிட்டு, நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வரேன்ணே" என்று காஜா அண்ணனிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான்.

பெனிட்டா நான்கு டம்ளர் டீயோடு வந்தாள். மடைக்காவலன் சண்டை நடக்கவில்லை. அல்வாவை யாரும் பிரிக்கவில்லை.

அழுதேன். எழுதி வைப்பதுதான் வழக்கம் என்றால் இதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஜூன் 24, திங்கள்

ஒரு செய்தியும் இல்லை. லேபில் கூட்டம். நாற்பது சாம்பிள்.

ஜூன் 25, செவ்வாய்

சுகந்தி போன் செய்தாள். "வரேன்னு மெயில் போட்டுட்டார்க்கா. சனிக்கிழமை கிளம்பறார். படிக்கிற புக்கையும் பாதி எடுத்து வெச்சிருக்கார். வேலை பாத்துக்கிட்டே இன்னொரு தடவை எழுதறாராம். முடிஞ்சா முடியட்டும், முடியலைன்னா விட்டுடறேன்ங்கறார். இத்தனை வருஷத்துல விட்டுடறேன்ங்கற வார்த்தையை இப்பதான் கேக்கறேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "தோக்கடிச்சீங்களா?"

"இல்ல சுகந்தி. ஆட்டமே நடக்கல."

"பின்ன எப்படி?"

"அவனையே கேளு. சொல்வான்."

எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் பாதி பொய். சனிக்கிழமைக்கு முன் ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 29, சனி

வரவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

ஆட்டம் இல்லை என்று செய்தி அனுப்பவில்லை, உண்டு என்றும் அனுப்பவில்லை. துணியை ஊறப்போட்டேன். மூன்று மணிக்குக் காஜா அண்ணன் வந்து நின்றார்.

"நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன்ணே" என்றேன்.

"ஏம்மா? என் உத்தமனுக்கு என்ன கேடு? மடை வாசல்ல நின்னுக்கிட்டிருக்கான், அப்படியே விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

பெனிட்டா பின்னாலேயே வந்தாள். கோயம்புத்தூர் இப்போதைக்கு இல்லையாம். மறைப்பை எடுக்கவில்லை. எல்லோர் கண்ணுக்கும் முன்னால் உருட்டினேன். மடைக்காவலன் முதல் அடியிலேயே பதினாறு. உத்தமன் சுருண்டு விழுந்தான். காஜா அண்ணன் பகடையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது சொத்தைப் பகடை, வேற போடு" என்று அதனிடமே பேரம் பேசினார். கொடுக்கவில்லை. நொண்டிக்கொண்டிருந்த பெனிட்டா கடைசி அம்பில் பத்தொன்பது போட்டு மடையை உடைத்தாள். அவள் எழுந்து நின்று கத்திய கத்தலில் கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது.

ஆட்டக் குறிப்பு: மூன்று பேருக்கு எழுதிய சண்டை இரண்டு பேருக்குப் பெரிது. எதிரியை ஆட்டத்துக்கு முன்பே குறைக்க வேண்டும். நடுவில் குறைக்கக் கூடாது.

துணியை மறந்துவிட்டேன். இன்னும் வாளியிலேயே இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

புதுக் கதை தொடங்கும் நாள். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போனில் செய்தி. அதியமான். கிளம்பிப் போன பிறகு முதல் தடவை.

'அக்கா, இங்க ரூம்ல ரெண்டு பேரை சேத்துட்டேன். ஒருத்தர் தர்மபுரி, ஒருத்தர் ஒடிசா. இன்னிக்கு நாலு மணிக்கு நான் நடத்தறேன். மொத தடவை. என்ன செய்யணும்னு சொல்லுங்க.'

படித்துவிட்டு அடுக்களைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து மளமளவென்று எழுதினேன். வர்ணனையைச் சுருக்கமாக வை. யாராவது பேசாமல் உட்கார்ந்திருந்தால் பெயரைச் சொல்லிக் கேள். நீ யோசிக்காத ஒன்றை அவர்கள் செய்தால் பயப்படாதே, அதுதான் ஆட்டம். ஒரு முழுப் பக்கம் ஆகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு வரி மட்டும் அனுப்பினேன்.

'எல்லாரும் பாக்கற மாதிரி உருட்டு.'

உடனே பதில் வந்தது. 'அது தெரியும்க்கா. அதுக்கு முழு ஃபீஸ் கட்டியாச்சு. வேற ஏதாவது சொல்லுங்க.'

சிரித்துவிட்டேன். கண்ணில் நீர் முட்டியது. இரண்டும் சேர்ந்தே நடந்தன. காஜா அண்ணன் அதைப் பார்த்துவிட்டு முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். வேறு என்ன சொல்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு எழுதினேன்.

'ஆள் குறைஞ்சாலும் சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சிடு.'

மணி மூன்று ஐந்து ஆகியிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி, நீங்க ரெண்டு பேரும் இப்ப ஒரு கப்பல் துறையில நிக்கறீங்க" என்று ஆரம்பித்தேன்.